காரைக்குடியில் நையாண்டி மேடை போட நினைப்பவர்களுக்கு

எழுபது, எண்பது நிமிடம். பத்துப் பன்னிரண்டு குட்டி ஸ்கிட்டுகள், நடுவில் இரண்டு மூன்று பாட்டு. எல்லாம் நம் ஊரைப் பற்றியும் நம்மை நிர்வாகம் செய்கிறவர்களைப் பற்றியும். ஒரே கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது. நையாண்டி மேடை என்று நான் சொல்வது இதைத்தான். கல்லூரி விழாவில் மைம் போட்டுக் கைதட்டு வாங்கியாகிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்கும் பிள்ளைகளும், பணி ஓய்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி உருப்படியாக ஏதாவது செய்ய நினைப்பவர்களும் இதை எடுத்துச் செய்யலாம். பெரிய செலவு இல்லை. ஆனால் செட்டிநாட்டில் செய்வதற்கென்று சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் போய்ப் பாருங்கள்

எழுத உட்காரும் முன் ஸ்பெஷல் நாடகம் ஒன்றை முழுசாகப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் இன்னும் நடக்கிறது. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வந்து சேர்வார்கள். கூட்டாக ஒத்திகை பார்ப்பது என்ற வழக்கமே கிடையாது. நீங்கள் கவனிக்க வேண்டியது முருகனையும் வள்ளியையும் அல்ல, பபூனை. கதை தொடங்குவதற்கு முன் அவர் ஒற்றை ஆளாக வந்து நிற்பார். ஆர்மோனியக்காரரிடம் ஒரு பேச்சு, மிருதங்கக்காரரிடம் ஒரு பேச்சு, முன்வரிசையில் வாய் பிளந்து பார்க்கிற பையனிடம் ஒரு பேச்சு. கூட்டம் எதற்குச் சிரிக்கிறது, எதற்கு முகத்தைச் சுளிக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். அந்தக் காதுதான் நமக்கு வேண்டும்.

இந்த மேடைக்கு அரசியல் புதிதில்லை. விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றபடியே வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கிப் பாடினார். பலமுறை சிறைக்கும் போனார். கொக்கு யார் என்று அவர் விளக்கவில்லை, கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. நையாண்டியில் பாதி வேலையைக் கேட்கிறவர் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று பட்டிமன்றம். சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர்க் கூட்டம் பேச்சைக் கேட்டே வளர்ந்திருக்கிறது. குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்த மன்றங்களைக் கேட்டவர்கள் இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கிறார்கள். இதனால் நமக்கு ஒரு லாபம், ஒரு சங்கடம். லாபம், சொல்லில் நுணுக்கமாக வைத்தால் இங்கே வீணாகாது. சங்கடம், வாட்ஸாப்பில் வந்த துணுக்கை மேடையில் சொன்னால் முதல் வரி முடியும்போதே முடிவைச் சொல்லிவிடுவார்கள். டிவி காமெடி நிகழ்ச்சியின் சாயல் தெரிந்தாலும் அப்படித்தான்.

சரக்கு எங்கே கிடைக்கும்

ஆளுக்கொரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி, சென்னை அரசியலைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எல்லோரும் செய்கிறார்கள். உங்கள் தெருவைப் பற்றி நீங்கள்தான் எழுத முடியும். ஐந்து விளக்குப் பக்கம் டீக்கடையில் நில்லுங்கள். வரி கட்டுகிற வரிசையில், பத்திரப்பதிவு அலுவலகத் திண்ணையில், புதிய பேருந்து நிலையத்தில் தேவகோட்டை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். “ஆபீசர் டீ குடிக்கப் போயிருக்காரு” என்பது ஒரு சொல். “ஆபீசர் இப்பதான் டீ குடிச்சிட்டு வந்தாரு, திரும்பவும் போயிருக்காரு” என்பது ஒரு மனிதர். இரண்டாவதைத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும்.

இந்த ஊரில் இப்போது கையில் கிடைக்கிற பெரிய விஷயம் மாநகராட்சி. 2024 ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. பலகை மாறியது, பலகைக்குக் கீழே வாழ்க்கை எப்படி மாறியது என்பதில்தான் ஸ்கிட் இருக்கிறது. நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தான் உரியதாக இருந்தது, மாநகராட்சிக்குக் கிடையாது. நேற்றுவரை கண்மாய்க்கரையில் மண்வெட்டி பிடித்த ஆத்தா, இன்றைக்குப் படுத்து எழுந்தால் மாநகரவாசி. வேலை போச்சு, வரி வந்துச்சு, தெருவில் குண்டும் குழியும் அப்படியே. இதை எழுதும்போது அந்த ஆத்தாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது; அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறுகிற அதிகாரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள், ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள், வீட்டை இடித்துத் தேக்குத் தூணை விற்கிற வியாபாரம், கல்யாண வீட்டில் சாமான் பரப்புகிற பெருமை, ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகும் வளவு (பெரிய வீட்டின் முற்றப் பகுதி), ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் டூரிஸ்டுகளுக்குக் கந்தரப்பத்தை ஒன்று நூறு ரூபாய் என்று விற்கிற ஓட்டல் என்று இன்னும் எவ்வளவோ உண்டு.

யாரை அடிப்பது

இதில் நான் கறார். அதிகாரம், பணம், பதவி, பிடிவாதம் உள்ளவர்களை அடியுங்கள். வீட்டு வேலை செய்கிறவர், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலப் பிள்ளைகள் ஆகியோரைக் கேலிப்பொருளாக்கி வாங்குகிற சிரிப்பு வேண்டவே வேண்டாம். அவர்கள் ஸ்கிட்டில் வரட்டும், புத்திசாலிகளாக வரட்டும். சாதிப் பெயர், சாதிப் பேச்சை வைத்துக் கிண்டல், நிறம், உடம்பு எதுவும் கூடாது. பெண் வேஷம் கட்டிய ஆண் இடுப்பை ஆட்டினால் கைதட்டு கிடைக்கும்தான். அது நம் எழுத்துக்குக் கிடைத்த கைதட்டு இல்லை.

ஆச்சிமார்களைக் கிண்டல் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆச்சியே எழுதியிருந்தால். உங்கள் குழுவில் அறுபது வயதுப் பெண் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். மாமியார் வீட்டு முறைகளைப் பற்றி அவர் எழுதினால் அதில் வலியும் இருக்கும், விவரமும் இருக்கும். இருபது வயதுப் பையன் எழுதினால் வெறும் கேலிதான் மிஞ்சும். ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் வாங்கிய மனோரமா இந்தப் பக்கத்து நாடக மேடையிலிருந்து போனவர்தான். பெண்கள் சிரிக்க வைக்க வருவார்களா என்று தயங்குகிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கட்சிகளைப் பொறுத்தவரை, எல்லாரையும் தராசு வைத்துச் சமமாக அடிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாற்காலியில் இருக்கிறவருக்கு அதிகம், இறங்கினவருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்காலி மாறினால் நம் ஸ்கிட்டும் மாற வேண்டும். அதுதான் நியாயம்.

ஒரு ஸ்கிட் எழுதுவது

நான்கு நிமிடம், ஒரே ஒரு சிக்கல். மூன்று தடவை அது பெரிதாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட ஒரு படி மேலே. பிறகு சட்டென்று முடிய வேண்டும். ஒரு மாதிரி தருகிறேன். பெரிய வீட்டு முகப்பு, காவலுக்கு இருக்கும் முத்தையா, கையில் போன்.

“ஐயா, முகப்புல ஓடு ஒண்ணு உடைஞ்சிருச்சு. மாத்திரட்டுமா?”

“என்னப்பா, எம் பங்கு ஓடா, சின்னவன் பங்கு ஓடா?”

“ரெண்டுக்கும் நடுவுல இருக்குங்கய்யா.”

“அப்ப மழைத்தண்ணி எந்தப் பக்கம் விழுகுது?”

அடுத்த போன் சென்னைக்கு, அதற்கடுத்தது சிங்கப்பூருக்கு. பங்காளிகள் வாட்ஸாப் குரூப் தொடங்குகிறார்கள். குரூப்புக்கு யார் அட்மின் என்பதில் சண்டை. அதற்குள் மழை பிடித்துவிடுகிறது. முத்தையா ஒரு வாளியைக் கொண்டுவந்து ஒழுகுகிற இடத்தில் வைக்கிறார். போன் மணி அடிக்கிறது. “ஏம்ப்பா, அந்த வாளி யாரு பங்கு?” விளக்கு அணைகிறது.

இதில் கவனியுங்கள். முத்தையாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஓட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கவிடாமல் வைத்திருப்பதுதான் இந்த ஸ்கிட்டின் பலம். எழுதும்போது ‘சொத்துத் தகராறால் வீடுகள் அழிகின்றன’ என்று யாராவது வாயில் ஒரு வசனம் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். வாளி சொல்லிவிட்டது.

இதையே நிகழ்ச்சியின் பின்பாதியில் திரும்பக் கொண்டுவாருங்கள். இப்போது மாமன்றக் கூட்டம். எரியாத தெருவிளக்குக் கம்பம் ஒன்று. “அது உங்க வார்டு கம்பம்.” “இல்லண்ணே, ரெண்டு வார்டுக்கும் நடுவுல நிக்கிது.” “அப்ப வெளிச்சம் எந்த வார்டுல விழுகும்?” முதல் ஸ்கிட்டை ரசித்த கூட்டம் இந்த இடத்தில் சத்தமாகச் சிரிக்கும். காரணம், வீட்டுக்குள் நாம் செய்வதைத்தான் மன்றத்தில் அவர்களும் செய்கிறார்கள் என்பதைக் கூட்டமே கண்டுபிடிக்கிறது. தனித்தனித் துணுக்குகளாக இருந்தவை ஒரே நிகழ்ச்சியாகக் கோக்கப்படுவது இப்படித்தான்.

பேச்சு மொழி இங்கத்தியதாக இருக்கட்டும். சினிமா மதுரைத் தமிழ் வேண்டாம். அப்பச்சி, ஆத்தா, ஐயா, அப்பத்தா என்று யார் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். நகரத்தார் வீட்டில் அப்பச்சி என்றால் அப்பா. அதைத் தாத்தா என்று நினைத்து எழுதி வைத்தால், மீதி வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முன்வரிசை அதைக் கேட்காது, இந்தத் தப்பைப் பேசிக்கொண்டிருக்கும்.

வரிசையும் குழுவும்

முதலில் பலமான, எல்லோருக்கும் புரிகிற ஒன்று. அடுத்து பாட்டு. கடுமையான அரசியல் ஸ்கிட் மூன்றாவதோ நான்காவதோ வரட்டும். அதற்குள் கூட்டம் நம்மை நம்பத் தொடங்கியிருக்கும். கடைசிக்கு முந்தைய இடத்தில் சிரிப்பே இல்லாத ஒன்றை வைக்கலாம். நூறு நாள் வேலை ஆத்தாவின் தனிப்பேச்சு அங்கே பொருந்தும். ஸ்கிட்டுகளுக்கு நடுவே ஒரு பபூன் வந்து போகட்டும். மேடையில் மேசை நாற்காலி மாற்ற அவர் நேரம் வாங்கித் தருவார். முக்கியமாக, அன்று காலை ஊரில் நடந்ததை அன்று மாலையே சொல்ல அவரால் முடியும்.

ஐந்து, ஆறு நடிகர்கள் போதும், ஆளுக்கு ஐந்து வேஷம். முழு உடை வேண்டாம். துண்டு, கண்ணாடி, கைப்பை, கரை வேட்டி என்று ஒரு பொருளில் ஆள் மாறட்டும். இசைக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிக்கத் தெரிந்த ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைக் கேளுங்கள். உரிய சம்பளத்தைப் பேசி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நம்முடையது ஆசைக்குச் செய்வது, அவர்களுக்கு அது பிழைப்பு. சினிமாப் பாட்டை ஓடவிட்டு ஆடுவதில் உரிமைச் சிக்கல் உண்டு. கும்மி, தெம்மாங்கு மெட்டுகள் யாருக்கும் சொந்தமில்லை, வார்த்தையும் தெளிவாகக் கேட்கும்.

எந்த இடம்

கல்யாண மண்டபம் எளிது, ஆனால் எதிரொலியில் வசனம் கரைந்துவிடும். என் தேர்வு வளவுதான். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தூண்கள். கூட்டம் நாலு பக்கமும் உட்காரும், அதனால் எப்போதும் யாருக்காவது நாம் முதுகைக் காட்டிக்கொண்டிருப்போம். அதற்கு ஒத்திகையிலேயே பழக வேண்டும்: முக்கியமான வரியைச் சொல்லும் முன் கால் மாற்றித் திரும்புவது, இரண்டு பேர் பேசும்போது நேருக்கு நேர் நிற்காமல் மூலைவாட்டில் நிற்பது. மைக் இல்லாமல் நூறு பேருக்குக் கேட்கும்.

வீட்டுக்காரரிடம் வாய்ப்பேச்சில் சரி வாங்கினால் போதாது. பங்காளிகள் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிகழ்ச்சி அன்று மாலை ஒரு போன் வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரும்புக்கால் மேசையை இழுக்காதீர்கள், கீழே ஜமக்காளம் விரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் உதவாது. தை, மாசி மாலைகள் நல்லவை. முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், வரவேண்டியவர்கள் பாதிப் பேர் மொய் எழுதப் போயிருப்பார்கள்.

அனுமதி, சட்டம்

ஒரு காலத்தில் நாடக வசனத்தைப் போலீசிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் கிளப்பிய புயலில் 1954-இல் வந்த சட்டம் அது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1876-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட நாடகச் சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னர் நீக்கிவிட்டது. ஆக, உங்கள் வசனத்தை யாரிடமும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஆனால் பொது இடம், ஒலிபெருக்கி என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கத்தான் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, கூம்புக் குழாய் எப்போதும் கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகள் அமலில் இருக்கும். அந்த நாட்களில் தேர்தல் அலுவலரிடமும் கேட்டுச் செய்யுங்கள். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி இன்னும் குற்றம்தான். ‘இவர் இவ்வளவு லஞ்சம் வாங்கினார்’ என்று ஒருவர் பெயரைச் சொல்லி, ஆதாரம் இல்லாமல் மேடையில் பேசாதீர்கள். பதவியைச் சொல்லுங்கள், பழக்கத்தைக் காட்டுங்கள். பெயர் சொல்லாமல் நடிக்கும்போதுதான் கூட்டத்தில் ஐந்து பேர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நெளிவார்கள்.

பணமும் பொன்னாடையும்

கேலி செய்யப்போகிறவரிடம் காசு வாங்காதீர்கள். வார்டு உறுப்பினரோ கட்சிப் பிரமுகரோ “பந்தல் செலவு என்னுடையது” என்பார். அன்புதான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். வாங்கினால் தெருவிளக்கு ஸ்கிட்டை நீங்களே தானாக மென்மையாக்கிவிடுவீர்கள், யாரும் சொல்லவே வேண்டியதில்லை. ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாசலில் வசூலித்தாலே மிருதங்கச் சம்பளமும் டீச்செலவும் வந்துவிடும். மேடையில் பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். வாழ்த்துரை கேட்ட கூட்டம் சிரிக்கத் தயாராக அரை மணி நேரம் ஆகும்.

ஆனால் கேலி செய்யப்போகிறவரைக் கட்டாயம் அழையுங்கள். முன்வரிசையில், பக்கவாட்டில், ஊர்க்காரர்களோடு உட்கார வையுங்கள். சின்ன ஊரில் நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் நாளைக்குக் காய்கறிக் கடையில் நம் பக்கத்தில் நிற்பார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வரி எதுவும் ஸ்கிட்டில் இருக்கக் கூடாது. எந்த வரியை வைப்பது, எதை எடுப்பது என்று சண்டை வந்தால் இந்த அளவுகோலை வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

யாராவது போனில் எடுத்து அரை நிமிடத் துண்டைப் பரப்புவார்கள். முன்னும் பின்னும் இல்லாத துண்டு வேறு அர்த்தம் தரும். அதனால் நீங்களே முழு நிகழ்ச்சியையும் ஒரு காமிராவில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால் முழுசையும் காட்டலாம். எந்த வரிக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்துத் திருத்தவும் அது உதவும். மனசு புண்பட்டதாக ஒருவர் வந்து சொன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள். பதவியில் இருப்பவரின் கோபம் என்றால் கேட்டுக்கொண்டால் போதும். எளியவர் ஒருவருக்கு வலித்திருந்தால் அந்த வரியை அன்றிரவே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் தேவகோட்டையில், புதுவயலில், பள்ளத்தூரில் போடுங்கள். ஊர் மாறினால் தெருப்பெயர், பஸ் நம்பர், கண்மாய்ப் பெயர் எல்லாம் மாற வேண்டும். முதல் நாளே அங்கே போய் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தால் போதும். முத்தையாவின் உடைந்த ஓடு ஸ்கிட் எந்த ஊரிலும் அப்படியே ஓடும். மாநகராட்சி வரி ஸ்கிட் மட்டும் காரைக்குடியைத் தாண்டினால் செல்லாது. அந்த நான்கு நிமிடத்துக்கு அந்தந்த ஊரிலேயே ஒருவரைப் பிடித்துப் புதிதாக எழுத வையுங்கள், அவரையே நடிக்கவும் வையுங்கள்.